வலிக்குக் காபி: எவ்வளவு, எப்போது, யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். தலைவலி வந்தால் ஒரு காபி குடி, சரியாகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பலிப்பதும் பலிக்காததும் அளவையும் நேரத்தையும் பொறுத்தது.

காபியில் உள்ள காஃபீன் பெரும்பாலான வலிகளுக்குத் தனி மருந்தல்ல, மாத்திரைக்குத் துணை. நம் உடம்பில் அடினோசின் என்றொரு பொருள் சுரக்கிறது. அது நரம்பு முனைகளிலுள்ள சில ஏற்பிகளில், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில், ஒட்டும்போது வலியுணர்வு கூடுகிறது. தலையிலுள்ள ரத்தக் குழாய்களும் விரிகின்றன. காஃபீனின் உருவம் அடினோசினை ஒத்திருப்பதால் அந்த ஏற்பிகளில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசினுக்கு இடம் கிடைப்பதில்லை.

பலன் எவ்வளவு? பாரசிட்டமால், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளோடு 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ காஃபீன் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் தொகுத்துப் பார்த்தது. மாத்திரை மட்டும் போட்டவர்களைவிட, நல்ல நிவாரணம் பெற்றவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை கூடியிருந்தார்கள். சிறிய பலன்தான், ஆனால் மெய்யான பலன்.

240 மில்லிலிட்டர் வடிகட்டிய காபியில் ஏறத்தாழ 95 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 60 அளவில்தான். ஆகவே சிறு கோப்பை இன்ஸ்டன்ட் காபி குடித்துவிட்டுப் பலனில்லை என்பது நியாயமில்லை. குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் காஃபீன் உச்சத்துக்கு வரும். எனவே மாத்திரையை விழுங்கும் நேரத்திலேயே குடியுங்கள். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம், இரைப்பை புண்படும். முக்கியமாக மாத்திரை அட்டையைப் படியுங்கள். சில தலைவலி மாத்திரைகளில் ஏற்கெனவே 65 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். இரண்டு போட்டாலே 130. அதற்கு மேல் காபியும் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும்தான் மிஞ்சும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் உறைக்கும். காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

காபியின் மற்றச் சேர்மங்களைப் பற்றி மிகையான பேச்சு நிறைய உலவுகிறது. குளோரோஜெனிக் அமிலமும் காஹ்வியோலும் எலிகளில் அழற்சியைக் குறைத்தன. ஒரு கோப்பை காபி மனிதர்களுக்கு அதைச் செய்யும் என்று நிரூபணமாகவில்லை. காஹ்வியோலும் அதன் கூட்டாளியான காஃபெஸ்டாலும் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ஏற்றும். காகித வடிகட்டி அவற்றைப் பெருமளவு பிடித்துவிடும். 1983-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. மார்ஃபின் என்ற வலுவான வலி நிவாரணி ஒட்டும் ஏற்பிகளில் ஒட்டக்கூடிய பொருள் காபியில், காஃபீன் நீக்கிய காபியிலும்கூட, இருக்கிறது. அது மார்ஃபினைப் போல வலியைத் தணிப்பதில்லை, அதன் வேலையைத் தடுக்கும் தன்மையுடையது. இயற்கைச் சேர்மம் என்றாலே வலி நிவாரணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபீனை இரண்டு வாரத்துக்கும் கூடுதலாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். 100 மில்லிகிராம் உள்ளே போனதும் ஒரு மணி நேரத்தில் அது அடங்கும். காபி குணப்படுத்திவிட்டது என்று அவர் நம்புவார். காபி இல்லாததால் வந்த வலிதான் அது. விட நினைப்பவர்கள் சில நாளுக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்துக்கொண்டே வாருங்கள். காஃபீன் கலந்த மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அப்படியானால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபீன் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன வரம்பு. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ கருத்தடை மாத்திரையோ எடுப்பவர்களின் உடம்பில் காஃபீன் கூடுதல் நேரம் தங்கும். அவர்கள் இதைவிடக் குறைத்துக் குடிப்பதே நல்லது.