ஆர்தர் லோவும் அழிந்துபோன நாடாக்களும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துகொடுத்த பெரியவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, எல்லோருக்கும் மாலை வணக்கம். போன தடவை எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர், இந்தத் தடவை ஒரு பழைய டேப்ரெக்கார்டரைப் பழுதுபார்த்து, ஓடுகிற நிலையில் கையில் கொடுத்திருக்கிறார். அதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடையாது. ஐயாவுக்கு என் வணக்கம்.

இன்றைக்கு ஆர்தர் லோ என்ற ஆங்கில நகைச்சுவை நடிகரைப் பற்றி மூன்று விஷயம் பேசப்போகிறேன். அவர் வாழ்க்கை, அவர் நடிப்பு, அவர் வைத்திருந்த நீராவிக் கப்பல்.

1915இல் டெர்பிஷயரில் ஹேஃபீல்டு என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ரயில்வேக்காரர். பையனுக்கோ கடல் மேல் ஆசை. கண்பார்வை சரியில்லாததால் வணிகக் கப்பல் வேலை கைகூடவில்லை. போர் வந்தது, ராணுவத்தில் சேர்ந்தார். மத்தியக் கிழக்கில் சக சிப்பாய்களுக்காக நாடகம் போட ஆரம்பித்தார். 1945இல் மான்செஸ்டரில் தொழில்முறை மேடை ஏறியபோது முப்பதை நெருங்கிவிட்டார். ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் துணிக்கடைக்கார ஸ்விண்ட்லியாக வந்த பிறகுதான் ஊரறிந்த முகம் ஆனார். 1968இல் ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 52.

இரண்டாம் உலகப் போரில், பட்டாளத்துக்கு எடுக்கப்படாத ஆண்களைச் சேர்த்து அமைத்த ஊர்க்காவல் படையின் கதை அது. லோவுக்குக் கேப்டன் மேனரிங் வேடம். ஊர் வங்கி மேலாளர், தன்னைப் பெரிய தளபதியாக நினைத்துக்கொள்கிறவர். 1973இல் வந்த ஒரு பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள். பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்காரர்களை இரவெல்லாம் காவல் காக்க வேண்டும். அந்தக் கப்பலின் கேப்டன் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, போரில் ஜெயித்ததும் பழிவாங்க வேண்டியவர்கள் என்று பெயர் பெயராக எழுதுகிறான். படையில் இருக்கும் பைக் என்ற சின்னப் பையன் ஹிட்லரைக் கேலி செய்து பாடிவிடுகிறான். ஜெர்மானியன் திரும்பி, “உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயர் என்ன?” என்கிறான். உடனே நம் மேனரிங் விறைப்பாக நின்று, பையனைக் காப்பாற்றுகிற வேகத்தில், “சொல்லாதே பைக்!” என்று கத்துகிறார். அவ்வளவுதான்! முகத்தில் ஒரு துளி சிரிப்பு கிடையாது.

அதே கதையில் கையெறிகுண்டு ஒன்றைக் கால்சட்டைக்குள் போடுகிற காட்சியும் உண்டு. எழுதியவர்கள் நினைத்தது மேனரிங்கின் கால்சட்டைக்குள். லோ முடியவே முடியாது என்றுவிட்டார். அப்புறம் குண்டு கசாப்புக்கடை ஜோன்ஸிடம் போனது. இதை வீம்பு என்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கௌரவம் குலையாமல் நிற்கிற மனிதனைப் பார்த்துத்தானே நாம் சிரித்தோம். அந்தக் கௌரவத்தை அவர் காப்பாற்றினார்.

1977 வரை 80 பகுதிகள். ஆனால் இப்போது 80ஐயும் பார்க்க முடியாது. காரணம், அந்த நாளில் வீடியோ நாடா விலை அதிகம். பிபிசி பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதைப் பதிந்தது. 1969இல் ஒளிபரப்பான இரண்டாம் வரிசையில் ஐந்து பகுதிகள் காணாமல் போயின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். பின்னாளில் தேடு தேடென்று தேடினார்கள். 2001இல் இரண்டு பகுதிகள் கிடைத்தன, எப்படித் தெரியுமா? குப்பைக்குப் போன படச்சுருள் டப்பாக்களை யாரோ எடுத்துத் தோட்டக் கொட்டகையில் போட்டுவைத்திருந்தார்கள். துருப்பிடித்த டப்பா! அந்த ஒருவருக்குத் தோன்றாமல் போயிருந்தால் இரண்டும் போயிருக்கும். மற்ற மூன்றின் படம் இன்னும் அகப்படவில்லை.

மூன்றாவது விஷயம், லோவின் நீராவிக் கப்பல். அதன் பெயர் அமேசான், 1885இல் கட்டியது. அதை அவர் பழுதுபார்த்துக் கடலுக்கு அனுப்பினார். பழையதைக் காப்பாற்றத் தெரிந்த மனிதர். 1982 ஏப்ரலில் பர்மிங்காம் நாடக அரங்கின் ஒப்பனை அறையில் மயங்கி விழுந்தார், மறுநாள் இறந்தார். வயது 66.

நண்பர்களே, எங்கள் வீட்டில் அப்பா நடித்த நாடகத்தின் கேசட் ஒன்று இருந்தது. அண்ணன் கல்யாணத்தில் வேறு கேசட் கிடைக்காமல் அதன் மேலேயே நாதஸ்வரத்தைப் பதிந்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன சொல்ல? நாதஸ்வரம் முடிந்து கடைசியில் அரை நிமிடம் மட்டும் அப்பா குரல் இருக்கிறது. “விளக்கைக் கொண்டு வா” என்கிறார், ஒரு இருமல், அதோடு நாடா நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். கோயில் திருவிழா நாடகம், தாத்தா பாடிய தெம்மாங்கு, எதுவானாலும் சரி. நூலகர் அம்மா ஒரு மேசை ஒதுக்கித் தந்திருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள், கணினியில் ஏற்றிக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பூஞ்சை பிடித்திருந்தால் வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். உறையோடு அப்படியே எடுத்துவாருங்கள்.