ஆட்களை மாற்றிப் பார்த்தாச்சு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் வர்ஜீனியா, மேரிலாந்து தமிழ் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'அமெரிக்க அரசு அடிக்கடி முடங்குவதற்குக் காரணம் ஆட்களா, அமைப்பா?' இதுதான் இன்றைய தலைப்பு. முடக்கம் என்றால், காங்கிரஸ் என்கிற இந்த நாட்டு நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் அரசு அலுவலகங்கள் மூடப்படுவது. எதிரணித் தலைவி அம்மா 'ஆட்களே' என்றார். டிரம்ப்பைத் திட்டினார், ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷூமரைத் திட்டினார், குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸைத் திட்டினார், கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நானும்தான் கை தட்டினேன். அரசியல்வாதியைத் திட்டுகிற இடத்தில் கை தட்டாமல் இருக்க நான் என்ன கல்லா? ஆனால் ஐயா, திட்டி முடித்த பிறகு யோசிக்க வேண்டும் அல்லவா? அம்மா திட்டினவர்கள் வாஷிங்டனுக்கு வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் அரசாங்கம் இல்லையா? சண்டை இல்லையா? அப்போது ஏன் கதவு மூடவில்லை?

1978-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மி கார்ட்டர் அதிபர். இரண்டு அவையிலும் அவருடைய ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. அப்படியும் ஒத்துப்போகவில்லை. கருக்கலைப்புக்கு அரசுப் பணம் தரலாமா, அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல் இன்னொன்று வேண்டுமா என்று இழுபறி. அக்டோபர் 1-ஆம் தேதி நிதியாண்டு பிறந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் பல துறைகளுக்குப் பணம் ஒதுக்கவில்லை. அலுவலகங்கள் பாட்டுக்கு நடந்தன. பணம் எப்படியும் வந்துவிடும், அதுவரை சிக்கனமாக இருங்கள் என்று சொல்லிச் சமாளித்தார்கள். பூட்டு விழவில்லை.

பூட்டு எப்போது வந்தது? 1980 ஏப்ரலில். கார்ட்டர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு சட்டக் கருத்து எழுதினார். 1884-லிருந்து ஒரு பழைய சட்டம் இருக்கிறது. காங்கிரஸ் ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது, சும்மா வேலை வாங்கவும் கூடாது என்கிற சட்டம். அதை எழுத்துக்கு எழுத்து படித்தால், ஒதுக்கீடு தீர்ந்த அன்றே கடையைச் சாத்த வேண்டும் என்றார் அவர். மே 1-ஆம் தேதி, வியாபார மோசடிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு நாள் மூடப்பட்டது. அதுதான் பிள்ளையார் சுழி. அடுத்த ஜனவரியில் அவரே, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பான வேலைகள் மட்டும் நடக்கலாம் என்று ஒரு விலக்கும் கொடுத்தார். இன்றைக்கு விமான நிலையத்தில் சம்பளமில்லாமல் நின்று நம் பெட்டியைச் சோதிக்கிறார்களே, அந்த விலக்கின் புண்ணியம் அது.

அம்மா இதை ஒரு வரி சொன்னாரா? சொல்ல மாட்டார். சொன்னால் அவர் அணி காலி.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கெட்டிக்காரர். ரீகன் காலத்திலும் முடக்கம் வந்தது, ஒரு நாள் இரண்டு நாளில் முடிந்தது, காரணம் அன்றைய மனிதர்களின் பெருந்தன்மை என்றார். ஐயா, கத்தி கையில் இருக்கிறது என்பது அன்றைக்கு அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. 1995-ல் பிரதிநிதிகள் அவைத் தலைவர் நியூட் கிங்ரிச்தான் அதை முழுசாக உருவிப் பார்த்தார். கிளின்டனோடு மோதி, டிசம்பரில் தொடங்கி 21 நாள். இஸ்ரேலுக்கு அதிபரின் விமானத்தில் போய்த் திரும்பியபோது தன்னைப் பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள் என்று அவர் வருத்தப்பட்டதும் அந்தச் சண்டையில் பத்திரிகைக்காரர்களுக்குத் தீனியானது. சரி, அது ஆள் குணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆளின் கோபத்துக்கு நாட்டின் அலுவலகங்களைப் பூட்டும் சாவியைக் கொடுத்து வைத்தது யார்?

கணக்கைப் பாருங்கள். 1995-ல் கிளின்டன், கிங்ரிச். 2013-ல் ஒபாமா, அவைத் தலைவர் போனர்: ஒபாமாகேர் என்கிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி 16 நாள். 2018 ஜனவரியில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், சிறு வயதில் ஆவணமில்லாமல் இங்கே கொண்டுவரப்பட்டவர்களுக்காக மூன்று நாள். அதே ஆண்டு டிசம்பரில் டிரம்ப்பின் எல்லைச் சுவர், 570 கோடி டாலருக்காக 35 நாள். 2025-ல் மருத்துவக் காப்பீட்டு மானியம் காலாவதியாகிறது என்று ஜனநாயகக் கட்சி பிடிவாதம், 43 நாள், அதுவரை இந்த நாடு காணாத நீளம். கவனித்தீர்களா? 2013-ல் அந்தக் காப்பீட்டுத் திட்டத்தை ஒழிக்கக் குடியரசுக் கட்சி எடுத்த அதே கத்தியை, 2025-ல் அதே திட்டத்தின் மானியத்தைக் காப்பாற்ற ஜனநாயகக் கட்சி எடுத்தது. ஆள் மாறியாச்சு, கட்சி மாறியாச்சு, கொள்கை தலைகீழாகியாச்சு. மாறாமல் இருப்பது அந்த 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் 1980-ஆம் ஆண்டுக் கருத்தும்தான்.

(எதிரணிக்கு ஒரு பாயின்ட் நானே இலவசமாகத் தருகிறேன்: ஷூமரும் மாறவில்லை. 1981-லிருந்து காங்கிரஸில்தான் இருக்கிறார். எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பேச்சாளருக்கு உதவும்.)

அப்புறம் செனட். 2025-ல் குடியரசுக் கட்சிக்கு அங்கே 53 பேர். பிரதிநிதிகள் அவை செப்டம்பரிலேயே தற்காலிக நிதி மசோதாவை அனுப்பிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விட 60 பேர் வேண்டும் என்பது செனட்டின் விதி. 14 முறை அந்த மசோதா அந்தப் படியிலேயே தடுக்கி விழுந்தது. கடைசியில் எதிர்வரிசையிலிருந்து எட்டுப் பேர் இந்தப் பக்கம் வந்ததும்தான் கதவு திறந்தது. பெரும்பான்மைக்கு நடத்த அதிகாரம் இல்லை, சிறுபான்மைக்கு நிறுத்த அதிகாரம் உண்டு. இப்படி விதி இருந்தால் யாரை உட்கார வைத்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். நம் இரண்டாவது பேச்சாளரையே செனட்டராக்கிப் பாருங்கள், மூன்றாவது மாதம் அவரும் நிறுத்துவார்.

இந்த அரங்கத்திலேயே இதில் அடிபட்டவர்கள் எத்தனை பேர்? அரசு ஊழியர் என்றால், 2019-ல் வந்த சட்டப்படி பாக்கிச் சம்பளம் பின்னால் வந்துவிடும். கான்ட்ராக்டருக்கு? இந்த வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் நம் ஆட்கள் பாதிப் பேர் கான்ட்ராக்டர்தானே. போன நாள் போனதுதான், அந்தக் காசை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. அரசோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனியார் கம்பெனியில் இருக்கிற பிள்ளைகள் தப்பித்தார்களா? 2025 அக்டோபரில் தொழிலாளர் துறை மூடியதால், வேலை விசாவுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய எல்சிஏ என்கிற சம்பள உறுதிப் படிவத்தைத் தாக்கல் செய்ய முடியவில்லை. எல்சிஏ இல்லாமல் எச்1பி வேலை விசாவில் கம்பெனி மாற்றம் இல்லை. புது வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய மேனேஜருக்கு ராஜினாமா கொடுப்பதா வேண்டாமா என்று திண்டாடினார்கள். கிரீன் கார்டுக்கு முதல் படியான பெர்ம் விண்ணப்பமும் அப்படியே நின்றது. மானியத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே ஓட்டுகூடக் கிடையாது.

கல்யாண வீட்டில் சம்பந்திகள் சீர் விஷயமாகச் சண்டை போடுவார்கள், அது உலக வழக்கம். அதற்காகப் பந்தியில் உட்கார்ந்தவன் முன்னால் இருக்கிற இலையை உருவுவார்களா? இங்கே உருவுகிறார்கள், சம்பந்திகள் இலையை மட்டும் விட்டுவிட்டு! காங்கிரஸ் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலர், முடக்கத்தில் ஒரு சென்ட் நிற்காது. சுமார் 14 லட்சம் ஊழியர்கள் வீட்டிலோ, சம்பளமில்லாத வேலையிலோ இருந்தார்கள். உணவு மானியத்தை நம்பியிருந்த 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நவம்பர் தொகை வருமா வராதா என்று நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எப்போது முடிகிறது தெரியுமா? 2019-ல் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் போதாமல் நியூயார்க் லகார்டியாவுக்கு வரும் விமானங்களை நிறுத்தினார்கள், அன்றைக்கே ஒப்பந்தம். 2025-ல் நாற்பது விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள், அதே வார இறுதியில் செனட் வழிக்கு வந்தது. ஏழையின் தட்டு காலியானபோது அசையாதவர்கள் விமானம் தாமதமானபோது அசைந்தார்கள். இதை ஆள் குணம் என்று எதிரணி சொல்லலாம். பாதிக்கு நானும் ஒத்துப்போவேன்.

ஆனால் பெல்ஜியத்தைப் பாருங்கள். 2010-லும் 2011-லுமாக 541 நாள் புது அரசாங்கமே அமையவில்லை. அங்கே அரசியல்வாதிகள் எல்லாம் புத்தரா? டச்சு பேசுகிறவருக்கும் பிரெஞ்சு பேசுகிறவருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் ரயில் ஓடியது, சம்பளம் வந்தது. பட்ஜெட் நிறைவேறாவிட்டால் போன ஆண்டுத் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதாமாதம் போய்க்கொண்டிருக்க அங்கே வழி இருக்கிறது. அரசாங்கமே அமையாத ஊரில் ஆபீஸ் திறந்திருக்கிறது, அதிபரும் இரண்டு அவையும் ஒரே கட்சியிடம் இருந்த இந்த ஊரில் 43 நாள் பூட்டு!

உடனே சொல்வார்கள்: பணப்பை காங்கிரஸ் கையில் இருப்பதுதான் அதிபரை அடக்கும் கடிவாளம், பணம் தானாக ஓடினால் கடிவாளம் போச்சு என்று. நல்ல வாதம், லேசில் தள்ள முடியாது. அதற்காகத்தான் செனட்டர்கள் லாங்க்ஃபோர்டும் மேகி ஹாசனும், ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி, சேர்ந்து ஒரு மசோதா வைத்திருக்கிறார்கள். பழைய தொகை 14 நாள், 14 நாளாக நீளும், அலுவலகம் திறந்திருக்கும், ஆனால் ஒதுக்கீடு முடியும் வரை உறுப்பினர்கள் அரசுச் செலவில் ஊருக்குப் போக முடியாது, வேறு மசோதாவையும் தொட முடியாது. கடிவாளம் அப்படியே இருக்கிறது, குதிரைக்குப் பதில் வண்டியில் இருக்கிறவன் அடி வாங்குவது மட்டும் நிற்கும். விஸ்கான்சின் மாநிலத்தில் புது பட்ஜெட் வரும் வரை பழையதே தொடர்கிறது. அங்கே சண்டைக்குப் பஞ்சமா? இல்லை. பூட்டு இல்லை, அவ்வளவுதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன் ஐயா. அடுத்து வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே கேள்வி. காங்கிரஸில் 535 பேர் இருக்கிறார்கள். இதில் யார் யாரை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த அக்டோபர் 1-ஆம் தேதி கதவு மூடாது? பட்டியலோடு வரட்டும், கேட்கத் தயாராக இருக்கிறேன். நன்றி, வணக்கம்.