ஆடுகிறவர்களுக்குப் பாட்டுக் கட்டுவது

நேயர்களுக்கு வணக்கம். கூத்துக்கும் நாட்டிய நாடகத்துக்கும் பாட்டுக் கட்டுவது பற்றிக் கதைக்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கவியரங்கக் கவிதைக்கு வாய் மட்டும் போதும். கூத்தனோ பாடிக்கொண்டே ஆடுகிறவன். அவனுடைய மூச்சு நிற்கிற இடத்தில் அடியும் நிற்க வேண்டும்.

தமிழ்த் தினப் போட்டிக் காலம் வந்தால், விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கித் தாருங்கள் என்று பள்ளிக்கூடங்களிலிருந்து கேட்பார்கள். ஏட்டை விரித்தால், திரும்பத் திரும்ப வருகிற அடிகளில்தான் முதலில் கை போகும். ஒருக்கால் பாடினால் காணாதோ என்று வெட்டத் தோன்றும். ஆனால் கூத்தன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிற அந்த இடைவெளியில்தான் அவன் மூச்சு வாங்குகிறான், ஆடுகிறான். வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருந்த காலத்தில், பின்வரிசைக்குச் சொல் போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான். இப்போது அந்த வேலையை மைக் பார்த்துக்கொள்கிறது. மூச்சுக்கு என்ன செய்வது? அதனால் கதையில் ஒரு கிளையையே வெட்டுவேன். பிற்பாட்டில் கை வைக்க மாட்டேன்.

மெட்டைத் தெரிவு செய்வதும் எழுத்துவேலைதான். எழுத்தாளர் என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகத்தை அம்பலத்தாடிகள் என்ற நாடகக் குழுவினர் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினார்கள். கோயில் நுழைவுப் போராட்டக் கதை. காத்தான் கூத்தோ அம்மன் கோயில்களில் நேர்த்திக்காக ஆடுவது. ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவனின் கதை. அந்தக் கூத்துப் பாட்டின் சிந்துநடை சின்ன வயதிலிருந்தே சனத்தின் காதில் ஊறிக் கிடக்கிறது. கோயில் வாசலில் கேட்டுப் பழகிய மெட்டிலேயே கோயில் கதவைத் திற என்று பாடினால், மேலே விளக்கம் எதற்கு?

நாட்டிய நாடகத்தில் சிக்கல் வேறு. பாடுகிறவர் ஒரு பக்கம் இருப்பார், ஆடுகிற பிள்ளை வாய் திறக்காது. மூச்சுப் பிரச்சினை இல்லை, சரி. ஆனால் சொல் கைக்கும் காலுக்கும் வேலை கொடுக்க வேண்டும். கடலுக்குப் போனவனைப் பார்த்து நிற்கிற பெண்ணுக்கு 'ஆறாத் துயரில் அமிழ்ந்தாள்' என்று எழுதினால், பிள்ளை பாவம், நெஞ்சில் கை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மிஸ்ர சாபு தாளத்துக்கு, தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக, நான் இப்படிக் கட்டுவேன்:

அலையும் கரைதொடும்
படகும் திரும்பிடும்
அவனின் குரல்வரும்

அலைக்கு ஒரு முத்திரை, படகுக்கு ஒரு முத்திரை. மூன்றாவது அடியில் கை ஓய்ந்து, காது மட்டும் கடல் பக்கம் திரும்பும். துயரம் என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? அது பிள்ளையின் முகத்துக்கு விட்ட பங்கு.

'திரும்பிடும்' என்பதில் வருகிற 'இடும்' வெறும் இட்டு நிரப்பல் என்று யாப்புத் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அந்த அசையில்தான் கால் தட்டு விழுகிறது.

இப்போதெல்லாம் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துகிற நட்டுவாங்கக்காரரிடம் ஜதியை, அதாவது தாளச் சொற்கட்டை, கேட்டுக்கொண்ட பிறகே பேனையைத் திறக்கிறேன். ஒத்திகைக்கும் போய் இருப்பேன். பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற கவிஞர்களும் உண்டு. அவர்களுடைய அடிகளை ஒத்திகையில் மிருதங்கக்காரர் திருத்திக்கொள்வார்.