பேப்பர் வந்த அன்று ராத்திரி

வணக்கம்ங்க. நான் சித்தூரில், அதாவது நம்ம பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவில் இருக்கிறது இல்லை, 27 வருஷமாக வக்கீல் குமாஸ்தா. வாதாடுவது வக்கீல். கட்டுத் தூக்குவது, வாய்தா தேதி குறிப்பது, வராந்தாவில் உட்கார்ந்து அழுகிறவர்களுக்கு டீ வாங்கித் தருவது எல்லாம் நான்.

போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருத்தர் அப்பாவோடு வந்து, வேட்டி மடிப்பிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். டைவர்ஸ் கேஸ் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, மனைவி கொழிஞ்சாம்பாறையில் அம்மா வீட்டில். சம்மன் மலையாளத்தில். தெரிந்த டிரைவர் 'கார்ஹிக பீடனம்' என்று வாசித்துக் காட்டியிருக்கிறார், இவர் காதில் அது பீடை என்று விழுந்திருக்கிறது. "எங்களப் பீடைன்னு எழுதிருக்காங்களா சார்?" என்றார். குடும்ப வன்முறைங்க அது, என்றேன். அதற்குப் பீடையே தேவலை என்பது போல முகம் போயிற்று.

அடுத்த கேள்வி எல்லாரும் கேட்கிறதுதான்: நான் தமிழ்நாட்டுக்காரன், கேரளா கோர்ட் என்னை எப்படிக் கூப்பிடும்? கூப்பிடும். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம், உத்தரவு நாடு முழுக்கச் செல்லும். எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் அதைத் தடுத்து நிறுத்தாது.

அப்புறம் ஜெயில் பயம். இந்த மனுவுக்காக மட்டும் யாரும் கைது செய்ய வரமாட்டார்கள். பாதுகாப்பு, இருக்க இடம், செலவுக்குப் பணம், நகையைத் திருப்புவது, இவைதான் அதில் கேட்பது. புருஷன் வீட்டில் கொடுமை என்று போலீஸில் கொடுக்கிற வழக்கு வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. அதிலும் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. ஆனால் 'அவளிடம் நெருங்காதே' என்று மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போட்ட பிறகு அதை மீறினால் அது குற்றம்: ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லாவிட்டால் 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கேஸைக் கெடுப்பது பெரும்பாலும் பேப்பர் வந்த அன்று ராத்திரிதான். நம்ம தோப்புக்காரர் என்ன செய்தார் தெரியுமா, பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ், ஒன்றல்ல நாலு, கடைசியில் "எம்பொண்ணு எங்கூட வரலைன்னா பாத்துக்க". மறுநாள் காலையில் பெரியப்பாவையும் இரண்டு பங்காளிகளையும் 'சமாதானம் பேச' அனுப்பினார். மூன்று ஆம்பளைகள் ஒரு கிழவி வீட்டு வாசலில் நிற்பது சமாதானமாகத் தெரியாதுங்க. அந்த நாலு மெசேஜும் எதிர்த்தரப்பு அடுத்துப் போட்ட மனுவோடு பத்திரமாக வந்து சேர்ந்தது. அவர் மட்டும் தன் போனில் அழித்துவிட்டார்.

பேசாமல் இருங்கள். பேப்பரில் இருக்கிற தேதிக்குப் போங்கள், போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே உத்தரவு போட்டுவிடுவார்கள். குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் கோர்ட்டில் மனுப் போட்டுக் கேளுங்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்காதீர்கள். மனைவியுடைய பவுன் உங்கள் பீரோவில் இருந்தால் பட்டியல் எழுதி வக்கீலிடம் கொடுங்கள், 'அம்மா சாவியைத் தொலைச்சிட்டாங்க' என்ற கதையை இந்த 27 வருஷத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் நம்பி நான் பார்த்ததில்லை. தோப்பு அப்பா பேரில் இருக்கிறது என்பதும் செல்லாது. 2020இல் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்சம் கேட்டால் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் சத்தியப் பிரமாணமாக எழுதித் தர வேண்டும்.

பொய்க் கேஸ் என்று சொல்லாமல் எங்கள் வராந்தாவுக்கு வந்தவர்கள் குறைவு. சிலது பொய்தான், மறுக்கவில்லை. டைவர்ஸில் பேரம் பேசவென்றே போட்ட மனுக்களையும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அதனால் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே கேட்டுவிடுவேன், அடிச்சீங்களா? தோப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவைங்க" என்றார். பக்கத்தில் அவர் அப்பா. சரி, வக்கீல் வரட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா டீ குடிக்க வெளியே போனார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி முடிகிற வரை பொறுத்திருந்துவிட்டு, "மூணு தடவை இருக்கும் சார், எழுதிக்கங்க" என்றார்.