இருபது பைசாவும் ஐந்து ஏக்கரும்

நேயர்களுக்கு வணக்கம்.

2015-இல் மத்திய அரசு ஓர் இலக்கு வைத்தது. 2022-க்குள் புதுப்பிக்கத்தக்க மின்திறன் 175 கிகாவாட்: சூரியன் 100, காற்று 60, உயிர்க்கழிவு 10, சிறு நீர்மின் நிலையங்கள் 5. அடுத்து, 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின்திறன் 500 கிகாவாட் என்று சொன்னார்கள். டில்லியில் எழுதும் எண் கடைசியில் ஏதோ ஒரு தாலுகாவில் சர்வே நம்பரோடு நிலமாக இறங்கியாக வேண்டும். ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 4 முதல் 5 ஏக்கர் பிடிக்கும். எந்த ஐந்து ஏக்கர் என்பதுதான் கேள்வி.

செலவு ரூபாயில் வருகிறது, நிலம் ஏக்கரில், தண்ணீர் லிட்டரில். இவற்றை ஒரே தராசில் வைக்கத்தான் பல அளவுகோல் முடிவு முறைகள் வந்தன. அதிகம் புழங்குவது தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளரின் ஏ.எச்.பி. (படிநிலைப் பகுப்பாய்வு முறை). இரண்டிரண்டாக ஒப்பிட்டு, 1 முதல் 9 வரை மதிப்பிட வேண்டும். நிலத்தைவிடச் செலவு 3 மடங்கு முக்கியம், தண்ணீரைவிடச் செலவு 5 மடங்கு, தண்ணீரைவிட நிலம் 2 மடங்கு என்று வைத்தால், செலவுக்கு 0.65, நிலத்துக்கு 0.23, தண்ணீருக்கு 0.12 என எடை கிடைக்கும். முதல் இரண்டு விடையையும் அப்படியே வைத்து, மூன்றாவதில் மட்டும் நிலத்தைவிடத் தண்ணீர் 4 மடங்கு முக்கியம் என்று ஒருவர் சொன்னால் பேச்சு முன்னுக்குப் பின் முரணாகிவிடும். அதைக் காட்டும் ஒத்திசைவு விகிதம் 0.1-க்குள் இருக்க வேண்டும்; இங்கே 0.3-ஐத் தாண்டும். அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி கேட்க வேண்டும். கணினியில் தட்டிச் சரிக்கட்டக் கூடாது.

எடை போடுவதோடு வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். கோளாறு அடுத்த படியில்தான். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். முதல் இடம், திருவலம் துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில், ஏரிப்பாசன நிலம். யூனிட் ரூ. 2.50. நிலத்துக்கு மதிப்பெண் 0.4, தண்ணீருக்கு 0.6 (0 மோசம், 1 மிக நல்லது). இரண்டாம் இடம், ஜவ்வாது மலையடிவாரத்தில், மானாவாரி நிலம். மின்பாதை நீளம் என்பதால் யூனிட் ரூ. 2.70. நிலம் 0.9, தண்ணீர் 0.5.

ரூபாயையும் 0-விலிருந்து 1-க்குள் கொண்டுவர வேண்டுமே. குறைந்த விலைக்கு 1, கூடிய விலைக்கு 0 என்று போட்டு, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் முதல் இடத்துக்கு 0.81, இரண்டாம் இடத்துக்கு 0.27. வெறும் 20 பைசா வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது! அதே விலையை விகிதமாக, 2.50-ஐ 2.70-ஆல் வகுத்துப் போட்டால் இரண்டாம் இடத்தின் செலவு மதிப்பெண் 0.93, மொத்தம் 0.87; முதல் இடம் அதே 0.81. முடிவு தலைகீழ். இதிலும் வேடிக்கை, யாருமே எடுக்காத 6 ரூபாய்த் திட்டம் ஒன்றைப் பட்டியலில் செருகினால், 0 அதற்குப் போய் 20 பைசா சிறிதாகிவிடும்; முதல் முறையிலேயே இரண்டாம் இடம் ஜெயித்துவிடும். ஆகவே அறிக்கையில் எடைகளை மட்டும் அச்சிட்டால் போதாது, எந்த அளவில் மாற்றினார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இரட்டைக் கணக்கு இன்னொரு கோளாறு. மின்பாதைச் செலவு யூனிட் விலைக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கு மேல் 'துணைமின் நிலையத்துக்குத் தூரம்' என்று தனி அளவுகோல் வைத்தால் ஒரே குறைக்கு இருமுறை தண்டனை.

சிலவற்றுக்கு மதிப்பெண்ணே போடக் கூடாது. மலிவு விலை தண்ணீர்ப் பஞ்சத்தை ஈடுகட்டிவிடும் என்று கூட்டல் கணக்கு நினைக்கும், நிலம் அப்படி நினைக்காது. ஒரு மெகாவாட் பேனல்களை ஒருமுறை கழுவ 7,000 முதல் 20,000 லிட்டர் ஆகும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடியில் உப்புப் படலம் படியும், மின்சாரம் குறையும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவுக்கு முதலிலேயே ஒரு வரம்பு வைத்து, தாண்டுகிற இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அல்லது தண்ணீரில்லாமல் துடைக்கும் இயந்திரத்தின் விலையைச் செலவில் சேர்க்க வேண்டும். நிலமும் அப்படித்தான். செயற்கைக்கோள் படத்தில் தரிசு என்று தெரிவது ஊர்க்கணக்கில் மேய்க்கால் புறம்போக்காக இருக்கும். ஆடுமாடு வைத்திருப்பவர்களைக் கேட்காமல் அதற்கு 0.9 போடுவது அநியாயம்.

கடைசிச் சோதனை, எடையை ஆட்டிப் பார்ப்பது. நம் கணக்கில் விகித முறையில் செலவின் எடையை 0.65-லிருந்து கிட்டத்தட்ட 0.80 வரை ஏற்றினாலும் மலையடிவார இடமே முதலில் நிற்கும்; அதற்கு மேல்தான் மாறும். அந்த 0.80 என்ற எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போட வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.