வார் கோப்புக்குள் தமிழ்

வணக்கம் நேயர்களே. கருப்பூரிலும் சேலத்தைச் சுற்றிலும் உள்ள கல்லூரிகளில் ஜாவா படிக்கிறவர்கள், ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி வளாகம் மாதிரி இடங்களில் வேலை பார்க்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இன்றைய பேச்சு. ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷன் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்புதான் வார். அதைக் கட்டித் தரும் மேவன் என்ற கருவி, மற்றக் கோப்புகளை அதற்குள் எப்படிச் சேர்க்கிறது, அங்கே தமிழ் எப்படிக் கெடுகிறது என்பதுதான் விஷயம். மற்றவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். ஏதோ ஒரு கடை பில்லில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக வாய்க்குள் நுழையாத குறிகள் வந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது எப்படி நடக்கிறது என்பதும் இதில் வரும்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு பில் போடும் வெப் அப்ளிகேஷன் ஒன்றை ஜாவாவில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடை, செய்கூலி, சேதாரம் என்று திரையில் வர வேண்டிய சொற்கள் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் இருக்கும். பில்லை பிடிஎஃப் ஆக்க ஒரு தமிழ் ஃபான்ட் வேண்டும். பதிப்பு எண், டேட்டாபேஸ் முகவரி எல்லாம் இன்னொரு கோப்பில். இவை புரோகிராம் இல்லை, ஆனால் இவை இல்லாமல் புரோகிராம் ஓடாது. இவற்றைத்தான் ரிசோர்ஸ் என்கிறோம்.

மேவனில் இதற்கென்றே இடம் உண்டு: எஸ்ஆர்சி, அதற்குள் மெயின், அதற்குள் ரிசோர்சஸ். பில்ட், அதாவது அந்தக் கட்டும் வேலை, ஓடும்போது அங்கே இருப்பதெல்லாம் டார்கெட் போல்டரின் கிளாசஸுக்குப் போய், கடைசியில் வார் கோப்பில் வெப்-இன்ஃப் கிளாசஸ் என்ற இடத்தில் உட்காரும். பக்கத்திலேயே வெப்ஆப் என்று இன்னொரு போல்டர். அதில் இருப்பது வார் கோப்பின் முதல் தட்டுக்கே போகும். இந்த வித்தியாசம் சின்னது இல்லை. வெப்-இன்ஃபுக்குள் இருப்பதை பிரவுசர் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது. அதற்கு வெளியே வெப்ஆப்பில் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை வைத்தால், முகவரியைத் தட்டுகிற யாரும் படித்துவிடலாம்.

அப்புறம், எஸ்ஆர்சி மெயின் ரிசோர்சஸ் என்ற பாதையை அப்படியே புரோகிராமில் எழுதிக் கோப்பைத் திறக்கிறவர்கள் உண்டு. புரோகிராம் எழுதும் கருவியான எக்லிப்ஸில் தனி புரோகிராமாக ஓட்டிப் பார்த்தால் ஓடும், சர்வரில் ஓடாது. சர்வரில் அந்த போல்டரே கிடையாது. வாருக்குள் இருக்கும் கோப்பைப் பெயர் சொல்லித் திறக்கும் கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீம் என்ற ஜாவா வசதி இருப்பதே இதற்காகத்தான்.

இனி ஃபில்டரிங். டாலர் குறி போட்டு, நெளிவு அடைப்புக்குள் ஒரு பெயர் எழுதி வைத்தால், பில்ட் நேரத்தில் மேவன் அங்கே மதிப்பை நிரப்பும். அச்சடித்த விண்ணப்பத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புகிற மாதிரி. பதிப்பு எண்ணுக்கு இது அருமையான வசதி. ஆனால் இணையத்தில் பார்த்ததை அப்படியே ஒட்டி, ரிசோர்சஸ் போல்டர் முழுவதற்கும் ஃபில்டரிங்கை ட்ரூ என்று போட்டுவிடுவார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது.

ஃபில்டரிங் என்றால் கோப்பை எழுத்தாகப் படித்து, எழுத்தாகவே திரும்ப எழுதுவது. ஜேபெக், பிஎன்ஜி போன்ற படங்களை மேவன் தானாகவே விட்டுவிடும். டிடிஎஃப் ஃபான்ட்டை விடாது. இதைச் செய்யும் ரிசோர்சஸ் ப்ளகின் என்ற துணைக் கருவி 3.2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால், பில்ட் பிழையோடு நின்றுவிடக்கூடும். பழைய பதிப்பாக இருந்து, எழுத்தை பைட்டாக்கும் முறையை யுடிஎஃப்-8 என்று அமைத்திருந்தால், எழுத்தாகப் புரியாத பைட்டுகளின் இடத்தில் 3 பைட் உள்ள ஒரு மாற்றுக்குறியை வைத்துக்கொண்டே போகும். பில்ட் சக்சஸ் என்று வரும், ஒரு எச்சரிக்கையும் இருக்காது. பிடிஎஃப் மட்டும் வராது. மூலக் கோப்பின் அளவையும் வாருக்குள் இருக்கும் கோப்பின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், உள்ளே இருப்பது ஊதியிருக்கும்.

நான் சொல்வது, நிரப்ப வேண்டிய கோப்புகளுக்குத் தனி போல்டர் வையுங்கள். மேவனுக்கான அமைப்புகள் இருக்கும் பாம் கோப்பில் இரண்டு ரிசோர்ஸ் பகுதி: ஒன்றுக்கு ஃபில்டரிங் உண்டு, மற்றதற்கு இல்லை. ஒரே போல்டரை இன்க்ளூட், எக்ஸ்க்ளூட் போட்டுப் பிரிப்பதும் சரிதான். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து ஒரு கோப்பைச் சேர்க்கும்போது அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

சரி, செய்கூலிக்கு வருவோம். அந்த ஒரு சொல், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 8 குறிகள், யுடிஎஃப்-8இல் 24 பைட். 2017இல் ஜாவா 9 வரும்வரை, ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு என்றாலே ஐஎஸ்ஓ 8859-1 என்று ஜாவா எடுத்துக்கொண்டது. அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அதன்படி படித்தால் நம் 24 பைட்டும் 24 தனி எழுத்தாகிவிடும். மேலே சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், திரும்ப அதே ஏ என்று திரை முழுக்க ஓடும். அந்த ஏ-யைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், யுடிஎஃப்-8இல் இருக்கும் தமிழை யாரோ வேறு கணக்கில் படித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு குறியையும் பேக்ஸ்லாஷ், யு, நான்கு இலக்கம் என்று மாற்றி எழுதினோம். செய்கூலிக்கு 48 எழுத்து! பிழை திருத்த உட்கார்ந்தவர் பாடு சொல்லி மாளாது. ஜாவா 9 முதல், திரைச் சொற்களை எடுத்துத் தரும் ரிசோர்ஸ் பண்டில் யுடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது. ஆனால் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸில் லோட் என்று அழைத்து இன்புட் ஸ்ட்ரீம் கொடுத்தால் இன்றும் பழைய கணக்குதான். அங்கே யுடிஎஃப்-8 என்று சொல்லி ஒரு ரீடரைக் கொடுக்க வேண்டும். பாம் கோப்பில் சோர்ஸ் என்கோடிங் யுடிஎஃப்-8 என்ற ஒரு வரியும் வேண்டும். அது இல்லாமல், ஜாவா 18க்கு முந்தைய ஜாவாவில் பில்ட் ஓட்டினால், ஃபில்டர் ஆகும் கோப்பை, பில்ட் ஓடுகிற மெஷினின் இயல்புப்படி மேவன் படிக்கும். உங்கள் லினக்ஸில் சரியாக வருவது நண்பரின் விண்டோஸில் கெடலாம்.

வெப்ஆப் போல்டரில் இருக்கும் ஜேஎஸ்பி, அதாவது ஜாவா கலந்த வெப் பக்கங்களுக்கு, இந்த ஃபில்டரிங் பொருந்தாது. வெப்ஆப் போல்டரைப் பார்த்துக்கொள்வது வார் ப்ளகின், அதற்கு வெப் ரிசோர்சஸ் என்று தனி அமைப்பு. ஜேஎஸ்பியிலும் அதே டாலர் குறி வேறு வேலைக்கு வருவதால், அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் ஃபில்டரிங்கில் நிரப்பாதீர்கள். வார் என்பது ஒரு ஜிப் கோப்பு. கையில் கிடைத்தவர் பிரித்துப் படிக்கலாம். சோதனைக்கு ஒரு வார், பட்டறைக்கு ஒரு வார் என்று தனித்தனியாகச் செய்தால், சோதித்தது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றும் ஆகிவிடும். பாஸ்வேர்டு சர்வர் பக்கமே இருக்கட்டும், டாம்கேட் சர்வர் என்றால் அதன் கான்ஃப் போல்டரில். வாரைக் கொடுப்பதற்கு முன், ஜார் டிஎஃப் என்று தட்டி உள்ளே என்னென்ன போயிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். வணக்கம்.