பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அலுவலக வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, மழை வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷாமியானாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்ட மாமன்ற உறுப்பினர் அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, காசிமேட்டிலிருந்து ஏலத்தை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, முன்வரிசையில் தரையில் இருக்கும் செல்லங்களே, எல்லாருக்கும் வணக்கம். நாற்காலி கொடுத்து உதவிய பக்கத்துத் தெரு மன்றத்துத் தம்பிகளையும் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து தூக்கிச் சுமந்தது அவர்கள்தான். ஒரு கைத்தட்டு கொடுங்கள்.

வகுப்பில் பிள்ளைகள் படிக்க எதைக் கொடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு சங்கதி சொல்கிறேன். புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு கடினமாக இருக்கலாம். இரண்டுக்கும் எங்கள் ஆயா சொல்லும் ஒரே பழமொழிதான் எனக்குத் துணை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற.

யார் தேர்ந்தெடுப்பது? நிறையப் பள்ளிகளில் இன்றைக்கும் பீரோதான் தேர்ந்தெடுக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நல்ல புத்தகங்கள் இரும்பு பீரோவில் இருந்தன, சாவி ஒருவரிடம் இருந்தது, அவர் லீவு போட்டால் அன்றைக்கு வாசிப்பும் லீவு. கிழிந்தால் ஆடிட்டில் கேட்பார்கள் என்று பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் பத்து வருஷம் மூடியே இருந்து கரையான் அரித்தால் அதை மட்டும் யார் கேட்கிறார்கள்? பிள்ளை கையில் கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். அதைத் தள்ளுபடி செய்ய ஒரு வழி வைத்துக்கொடுங்கள் அம்மா, உங்கள் கையில் இருக்கிற விஷயம் அது.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், இந்தக் கூட்டத்திலேயே அவன் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஏழாம் வகுப்பு. வாசிக்கச் சொல்லி எழுப்பினால் எழுந்து நின்று மின்விசிறியைப் பார்ப்பான். அடித்தாலும் அதே, கொஞ்சினாலும் அதே. இவனுக்கு எழுத்தே தெரியாது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நவம்பர் மாசம், நல்ல மழை, பாதி வகுப்பு காலி. என் மேசையில் அன்றைய பேப்பர் கிடக்கிறது. சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தி. இவன் மெதுவாக வந்து, "சார், கூண்டு எத்தனாவது போட்டுக்கீறாங்க?" என்றான். "பேப்பர் இருக்குதே, நீயே பார்" என்றேன். "நைனா கடலுக்குப் போயிருக்கு சார்" என்றான். சொல்லிவிட்டுக் குனிந்து விரலை வைத்தான். பு, ய, ல். எச்சரிக்கையில் வந்து நின்றான், அந்த 'ச்ச' அவனை விடவில்லை. மூன்று தடவை மோதி நாலாவது தடவை தாண்டிவிட்டான். அந்தப் பத்தியை முடிக்க அவனுக்கு ஒரு முழுப் பீரியட் ஆனது. நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் வந்து, இரண்டாம் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்கிறான். சரி என்று சார்ட் வாங்கிக் கொட்டை எழுத்தில் பதினொரு கூண்டு எண்களையும் எழுதி மாட்டினேன். ஒன்றும் இரண்டும் புயல் தூரத்தில் இருக்கும்போது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்னும்போது. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரிய அபாயம். பகலில் கூம்பும் உருளையுமாக வடிவங்களை ஏற்றுவார்கள், ராத்திரியில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். பதினொன்று, வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கடைசி பெஞ்ச் முழுக்க அந்தச் சார்ட்டு முன்னால்தான் நின்றது. இவன் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள். "தொடர்பே அறுந்துபோச்சுன்னா, கூண்டை ஏத்தச் சொல்றது யாரு சார்?"

கைதட்டுகிறீர்கள் இல்லையா, ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு ஒருத்தரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டோம். அந்த இடத்தில் இருக்கும் அதிகாரியே நிலைமையைப் பார்த்து, ஆபத்து இருக்கிறது என்று தானே தீர்மானித்து ஏற்ற வேண்டும், அதுதான் பதில். அந்தப் பதிலைத் தேடி நானும் அவனும் சேர்ந்து படித்தோம். அப்புறம் ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரையில். அவன் நைனா பள்ளிக்கு வந்தார். நான் என்னமோ புகார் என்று நினைத்தேன். "இன்னா சார் குட்த்த இவனுக்கு? வலை பின்ற எடத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சுச் சொல்றான், சுத்தி பத்து பேர் கேக்கறாங்கோ" என்றார். நான் கொடுத்தது ஒரு பழைய பேப்பர். மாடு ஆடிக் கறக்கிற மாடு, நாம் அதுவரைக்கும் பாடிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அதற்காக மீனவர் பிள்ளைக்கு மீன் கதை மட்டும் கொடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலைத் திறக்க அது. உள்ளே வந்த பிறகு நிலாவுக்கும் போகட்டும், டைனோசருக்கும் போகட்டும். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தாளே, அந்தச் செய்தியை வெட்டி அட்டையில் ஒட்டிப் பெண் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், யாருக்கும் வாசி என்று சொல்ல வேண்டியிருக்காது. கேரம் ஆட்ட விதிகளும் படிக்கிற பொருள்தான். ரேஷன் கடை அறிவிப்பும்தான்.

இரண்டாவது, கடினம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களை நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள், மெல்லிய புத்தகம், பக்கத்துக்குப் படம், நல்ல வேலை. ஏழாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யில் இருந்தால் இருக்கட்டும். வகுப்பு முன்னால் "நீ இன்னும் நுழைதானா" என்று கேட்டுவிடாதீர்கள், அதோடு அந்தப் பிள்ளை வெளியேறிவிடும். ஒரு பக்கத்தை விரித்துத் தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள், ஐந்தும் மடங்கினால் வேறு புத்தகம் எடுக்கட்டும். அவ்வளவு போதும்.

ஆனால் எடுப்பதற்கு வேறு புத்தகம் பக்கத்தில் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் வருகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது அதில் இரண்டு. எங்கள் ஆயாவின் மாட்டுப் பழமொழியும் அதையேதான் சொல்கிறது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். வண்டி போனது மண் ரோட்டில். நமக்குத் தார் ரோடு இருக்கிறது, மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் போகிறது, பிள்ளை நடந்துபோகிற தூரத்தில் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இருக்கிறதா?

சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம், 1948இல். வீட்டுக்குப் போய்ச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார், வாடகைக்கு இருக்கிறவரும் வாடகை வழியாக அதைத்தான் கட்டுகிறார். அந்தக் காசுக்கு நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. நம் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அலமாரி. ராத்திரி எட்டு மணி வரைக்கும் விளக்கு. வாரம் ஒரு பீரியட் வகுப்பையே ஆசிரியர் அங்கே நடத்திக் கூட்டிப்போகலாம் என்று ஓர் உத்தரவு. பிள்ளை தானே நடந்துபோய், தானே ஒன்றை எடுத்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஒரு டீச்சர் நாற்பது விதமாக ஆடவும் பாடவும் முடியாது, அலமாரியால் முடியும்.

மாமன்ற உறுப்பினர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவருக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது, வந்ததே பெரிய விஷயம். அவர் கிளம்புவதற்குள் ஒரு வேலை. வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். அம்மாமார்கள் கையெழுத்துப் போடுங்கள், சொத்து வரி கட்டுகிறவர்கள் ரசீது எண்ணையும் எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மை டப்பா இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனித்தாள். என்ன புத்தகம் வேண்டும் என்று அவர்களே எழுதட்டும், எழுத்துப் பிழையை யாரும் திருத்தாதீர்கள், அப்படியே மனுவோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறோம்.